பாலையும் நெய்தலும் கலக்கும் மணலில் ஒரு நாள்: வேலூர் வண்டியோட்டிகளுக்கு முன்னுள்ள நான்கு வழிகள்

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். இவற்றில் முதல் இரண்டையும் மோட்டார் சைக்கிளிலேயே சுற்றி அறிந்தவர்கள் நாங்கள். அமிர்திக்கு மேலே ஜவ்வாது மலைக்குள் ஏறும் தடங்களிலும், பொன்னையாற்றின் கரைகளிலும், பரதராமிக்கு அப்பால் ஆந்திர எல்லையை ஒட்டிய பாறை நிலங்களிலும் பல ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறோம். வறட்சிக்கும் வெயிலுக்கும் பழகிய நமக்குப் பாலைவனம் புதிதாக இராது என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. 2021 நவம்பர் வெள்ளம் பாலாற்றில் புதுமணலைக் கொண்டுவந்து போட்ட பிறகு, விருதம்பட்டுப் பக்கம் இறங்கி ஓட்டிப் பார்த்தபோது அந்த எண்ணம் கால் மணி நேரத்தில் கரைந்துபோயிற்று. பாறையில் பழகிய கை வண்டியை இறுகப் பிடிக்கும். மணலோ இறுகப் பிடித்தவனைத்தான் முதலில் கீழே தள்ளும்.

நாங்கள் நால்வர்: ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர், காட்பாடியில் பள்ளி ஆசிரியர் ஒருவர், சத்துவாச்சாரியில் இரு சக்கர வண்டிப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், கணக்கெழுதிப் பிழைக்கும் நான். மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய விடுப்பு ஏழு நாள். அதில் இரண்டு மூன்று நாட்களாவது, காலையில் கிளம்பி, மணல் நிலத்தையும் கடலையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பும்படி அமைய வேண்டும் என்பது ஆசை. கூடாரம், சமையல் சாமான் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு மணலில் ஓட்டுவது எங்கள் வயதுக்கு உகந்ததன்று. இந்த அளவுகோலுக்கு உட்பட்டு எங்கள் முன் நின்ற இடங்கள் நான்கு: தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடுகளான தேரிக்காடு, குஜராத்தின் கட்ச், ஓமன், ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையிலுள்ள நமீபியா. ஒரே தட்டில் வைக்கக் கூடாதவற்றை வைத்திருக்கிறோமே என்று தோன்றலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கும்போது இந்த நான்கும் ஒரே ஏழு நாளுக்காகத்தான் போட்டியிடுகின்றன.

அழகை வைத்து முடிவெடுக்கப் பார்த்தோம், முடியவில்லை. நான்குமே அழகு. எங்களுக்குள் இரண்டு மாதம் ஓடிய பேச்சின் இறுதியில் தெளிந்தது, சட்டப்படி எங்கே சக்கரத்தை இறக்கலாம் என்ற கேள்வியே முதல் கேள்வி என்பதுதான். மணற்குன்றின் படத்தைக் காட்டி மனத்தைக் கவரும் இடங்கள் பலவற்றில், அந்தக் குன்றின்மேல் வண்டி ஏற்றுவதற்கு அனுமதியே கிடையாது. அடுத்த கேள்வி, விழுந்தால் யார் தூக்குவார்கள் என்பது. பணக் கணக்கு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

முதலில் நம் ஊர்த் தேரி. குறிஞ்சி, முல்லை என்று நிலத்தைப் பிரித்துப் பேசிய நம் மரபில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. மழையற்றுத் திரிந்துபோன நிலத்துக்கே அந்தப் பெயர். ஆனால் திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகச் சாத்தான்குளம் போகிறவர்களுக்கு, நெய்தலும் பாலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பது கண்ணெதிரே தெரியும். இரும்பு ஆக்சைடு பூசிய மணல் துகள்கள் காற்றால் குவிந்து சிவப்பு மேடுகளாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு இடையில் பனையும் உடைமரமும் முந்திரியும் நிற்கின்றன. சில பனைகள் இடுப்பளவு புதைந்தும் காய்க்கின்றன. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் கற்கால மனிதர்களின் நுண்கற்கருவிகள் கிடைத்திருப்பதைத் தொல்லியல் படித்தவர்கள் அறிவார்கள். அந்த மேட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் மணப்பாடு வந்துவிடும். கடலுக்குள் நீண்ட மணல் முகட்டின் மேல் திருச்சிலுவை ஆலயமும், 1542இல் பிரான்சிஸ் சேவியர் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் அங்கே இருக்கின்றன. காலையில் சிவப்பு மணல், மாலையில் நீலக் கடல் என்று ஒரே நாளில், 100 கிலோமீட்டர் சுற்றுக்குள், தமிழ் பேசியபடியே பார்க்கக்கூடிய இடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, குறையையும் சொல்லியாக வேண்டும். குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி பெறாமல் அதற்குள் வண்டி ஓட்டுவது குற்றம். இதை வனத்துறையின் கெடுபிடி என்று குறை கூறுவது சரியன்று; காற்றில் நகரும் மணலைப் பிடித்துவைக்கத்தான் அங்கே முந்திரியும் பனையும் நட்டு வளர்த்திருக்கிறார்கள், அந்தப் பிடிமானத்தை உழுது எறிவதற்கு நான்கு டயர்கள் போதும். கடற்கரையிலும் இதே நிலைதான். 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் மணற்குன்றுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய பகுதியில் சேர்த்திருக்கின்றன. அதோடு தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். எனவே தேரியில் நமக்கு எஞ்சுவன, ஊர்களை இணைக்கும் மண் சாலைகளும், கோயில்களுக்குப் போகும் தடங்களும், உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு நுழையக்கூடிய பனந்தோப்புப் பாதைகளும் மட்டுமே. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கும், தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்கும் போகிற வழிகளே ஒரு நாளுக்கு நிறைவான காட்சி தருபவை. சிவந்த வறண்ட மணலின் நடுவே வற்றாத சுனையைப் பார்ப்பதற்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை.

சென்ற மாசியில் நானும் பட்டறைக்காரரும் மட்டும் அங்கே போய் வந்தோம். உடன்குடிக்கு மேற்கே ஒரு பனந்தோப்பு வண்டித்தடத்தில், சாலையிலிருந்து 300 மீட்டர்கூடத் தாண்டாத இடத்தில், என் ஹிமாலயன் அச்சு வரை புதைந்துவிட்டது. ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள வண்டி அது. நான் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க, பின்சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. பதநீர் இறக்கிவிட்டு வந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, அதப் போட்டு அழுத்தாதீங்க. காத்தக் கொஞ்சம் எறக்கிட்டு, மெள்ள நடத்திக் கொண்டு வாங்க” என்றார். “சரிங்க அண்ணாச்சி” என்று சொல்லி, டயரில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, வண்டியைச் சாய்த்துச் சக்கரத்தைக் குழியிலிருந்து விடுவித்து, பக்கத்தில் நடந்தபடியே முதல் கியரில் உருட்டியபோது வண்டி வெளியே வந்தது. அவர் ஊற்றிக் கொடுத்த பதநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பட்டறைக்காரரின் எக்ஸ்பல்ஸ் ஏறத்தாழ 160 கிலோதான். அது அதே தடத்தில் தள்ளாடியபடியாவது போய்ச் சேர்ந்தது. மணலுக்கு எந்த வண்டி என்று கேட்பவர்களுக்கு அந்த 40 கிலோ வித்தியாசத்தையே நான் விடையாகச் சொல்வேன்.

செலவைப் பார்த்தால் தேரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேலூரிலிருந்து திருவண்ணாமலை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். போக வரவும் உள்ளூர்ச் சுற்றுமாக 1,500 கிலோமீட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 50 லிட்டர் பெட்ரோல், அதாவது 5,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஆனால் ஏழு நாளில் நான்கு நாள் நெடுஞ்சாலையிலேயே தேய்ந்துவிடும். காற்றும் காலம் பார்த்துத்தான் நம்மை விடும்: ஆனி முதல் ஆவணி வரை அரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, கண்ணிலும் ஏர் ஃபில்டரிலும் செம்மண் தூளை நிரப்பிவிடும். தை, மாசிதான் பொருத்தமான மாதங்கள். குன்று ஏறி இறங்கும் ஆவல் இல்லாதவருக்கும், மணலில் ஓட்டுவதைத் தொடக்கத்திலிருந்து கற்க விரும்புபவருக்கும் தேரியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் நால்வருக்கு அது போதாது என்பதே என் முடிவு, அதுவும் போய்வந்த பிறகு சொல்வது.

கட்ச் பக்கம் வருவோம். இந்தியாவில் பாலையும் கடலும் பெரிய அளவில் அருகருகே கிடக்கும் நிலம் அதுவே. வடக்கே ரண் என்னும் உப்புச் சதுப்பு, தெற்கே வளைகுடா, மேற்கே அரபிக்கடல். மூன்றுக்கும் நடுவில் புஜ் நகரம். வண்டியோட்டிக்கு இந்த அமைப்பு ஒரு வரம். ஒரே ஊரில் அறை எடுத்து, நாளுக்கு ஒரு திசையாகப் போய்த் திரும்பலாம். மூட்டை முடிச்சு வண்டியில் ஏற வேண்டியதில்லை.

ஆனால் கட்ச் என்றவுடன் எல்லார் மனத்திலும் எழும் வெள்ளை ரண், மோட்டார் சைக்கிளுக்கு உரிய இடமன்று. மழைக்காலத்தில் வெள்ளக்காடாகக் கிடந்து, மார்கழி வாக்கில் வற்றி, மேலே உப்புப் படலம் கட்டும் சதுப்பு அது. காவேரிப்பாக்கம் ஏரி வற்றும்போது ஓரத்து மண் மேலே காய்ந்து வெடித்தும், உள்ளே முழங்கால் சேறாகவும் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதையே நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு விரித்து, மேலே உப்புத் தூவியது போன்றது ரண். படலம் உடைந்தால் வண்டி கறுப்புச் சேற்றில் இறங்கிவிடும். எல்லைப் பாதுகாப்புப் படையின் கண்காணிப்பில் உள்ள பகுதி என்பதால், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தோர்தோ என்னும் ஊர் வரை சாலையில் போய், அங்கிருந்து நடந்து பார்ப்பதே முறை. காவ்டாவிலிருந்து தோலாவீரா வரை ரண்ணின் குறுக்கே போடப்பட்டுள்ள சாலை, இரு புறமும் வெள்ளை விரிந்திருக்க நேர்கோடாக ஓடும். தார்ச்சாலைதான் என்றாலும் அந்த ஒரு நாளை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும். முடிவில் காத்திருப்பது 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அரப்பா நாகரிக நகரம். மழை பெய்தால் ஓடும் இரண்டு ஓடைகளைத் திருப்பிக் கல் தொட்டிகளில் நீர் சேமித்த அந்த ஊரை, பாலாற்றங்கரையிலிருந்து போகிற எவரும் சிறிது வெட்கத்தோடுதான் பார்க்க முடியும்.

உண்மையான மண் ஓட்டம் தெற்கிலும் மேற்கிலும் இருக்கிறது. மாண்ட்வியில் ருக்மாவதி ஆற்றின் முகத்துவாரத்தில் இன்றும் மரக்கலம் கட்டுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு டீ குடித்துவிட்டு மேற்கே திரும்பினால், சுதாரி, பிங்களேஷ்வர் வரை கரைக்கு இணையாகக் கிராமத்து மண் தடங்கள் காற்றாலைகளுக்கு இடையே போகின்றன. குறுஞ்செடிகள், சுண்ணாம்புக் கல், இடையிடையே கணுக்கால் அளவு மணல், திடீரென்று கடல். நம் கைக்குப் பழகிய கல்லும், பழகாத மணலும் மாறி மாறி வருவதால், புதியவர்கள் தளராமல் ஓட்டக்கூடிய தடம் இது. மாலையில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் இருட்டுவதற்குள் மாண்ட்வி. மற்றொரு நாளைக்கு லக்பத். 1801இல் எழுப்பப்பட்ட கோட்டைச் சுவருக்குள் இப்போது சில குடும்பங்கள் மட்டுமே வாழ்கின்றன. சிந்து நதியின் கிளையை நம்பி வாழ்ந்த துறைமுகம் அது. 1819 நிலநடுக்கத்தில் நிலம் மேடாகி, அல்லா பந்து என்னும் இயற்கைக் கரை எழுந்து, நீர் வழி மாறிப்போனதால் ஊர் அழிந்தது. அந்தச் சுவரின்மேல் நின்றால் ஒரு பக்கம் கோரி கழியின் நீர், மறு பக்கம் ஆளற்ற உப்பு வெளி. அரசன் இல்லாத கோட்டை நம் ஊரில் மட்டும்தான் என்று இனிச் சொல்லிக்கொள்ள முடியாது.

கட்சின் இடர்கள் எவை என்று சொல்லிவிடுகிறேன். முதலாவது, முள். 1960களில் கட்சின் வடக்கிலுள்ள பன்னி என்னும் புல்வெளியில் வனத்துறை விதைத்த சீமைக் கருவேலம் இன்று அந்த நிலத்தையே விழுங்கிக்கொண்டிருக்கிறது. குடியாத்தம் சாலையோரத்தில் நம் டயரைக் குத்தும் அதே முள்தான். கருவேலத்தடியில் பஞ்சர் ஒட்டிப் பழகியவர்கள் நாங்கள். ஆளுக்கு இரண்டு டியூப் எடுத்துக்கொண்டால் போதும். இரண்டாவது, கடல் ஏற்றம். தூத்துக்குடிக் கரையில் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கும். கட்ச் வளைகுடாவின் உட்பகுதியிலோ அது ஐந்து, ஆறு மீட்டரையும் எட்டும். மாண்ட்வி வாய்ப்பகுதியில் இருப்பதால் அங்கே அவ்வளவு இல்லை என்றாலும், ஈரமணல் கெட்டியாக இருக்கிறதே என்று நீரோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகிறவர் திரும்பி வரும்போது வண்டியைத் தேட நேரலாம். மூன்றாவது, குளிர். குஜராத்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலை பதிவாகும் ஊர்களில் நலியாவும் ஒன்று. தை மாதத்து விடியலில் ஒற்றை இலக்கம் சாதாரணம். ஏலகிரிக் குளிருக்கே சால்வை தேடும் எங்கள் ஆசிரியருக்கு இதுதான் பெருங்கவலை. நலியாவுக்கு அருகிலுள்ள கானமயில் சரணாலயத்துக்குள் தடம் மாறி நுழைந்துவிடக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். மதுவிலக்கு நடப்பிலுள்ள மாநிலம் என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்க வேண்டியவர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

போய்ச் சேர இரண்டு வழிகள். காட்பாடி ரயில்வே பார்சலில் பெட்ரோலை வடித்து, கோணி சுற்றி, ஆர்.சி. நகலோடு நம் வண்டியை அனுப்பலாம். ஆனால் வழியில் மாற்றி ஏற்ற வேண்டிய இடங்களில் எத்தனை நாள் கிடக்கும் என்று எவரும் உறுதி தர மாட்டார்கள். ஏழு நாள் விடுப்பை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம். சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு விமானம், அங்கிருந்து 330 கிலோமீட்டர் இரவு ரயிலிலோ பேருந்திலோ புஜ், அங்கே வாடகை வண்டி என்பதே எங்கள் ஏற்பாடு. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள, அதாவது வாடகைக்கென்றே பதிவு செய்த வண்டியா என்று பார்த்து எடுங்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டியை வாடகைக்குக் கொடுத்திருந்தால், விபத்தின்போது காப்பீடு கை விட்டுவிடும். தலைக்கு 35,000 ரூபாய் முதல் 40,000 ரூபாய் வரை ஆகும் என்பது நான் போட்ட கணக்கு.

ஓமனைப் பட்டியலில் சேர்த்தவர் தோல் தொழிற்சாலை நண்பர். அவருடைய மச்சான் மஸ்கட்டில் இருக்கிறார். வட ஆற்காட்டில், குறிப்பாக மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் வளைகுடாவில் உறவினர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆகவே இது வெறும் பகற்கனவு அன்று. ஷர்க்கியா மணல்வெளி என்று இப்போது வழங்கும் பழைய வஹீபா மணல்வெளி ஏறத்தாழ 12,500 சதுர கிலோமீட்டர். சில குன்றுகள் 100 மீட்டர் உயரம் வரை எழும். கிழக்கே அவை அரபிக்கடல் வரை இறங்கி வருகின்றன. அதற்கும் தெற்கே அல் கலூஃப் கரையில் குன்றுகள் சர்க்கரை போல வெளுத்து, நீல நீரின் விளிம்பிலேயே நிற்கின்றன. மணலும் கடலும் சேர்கிற காட்சி என்று மட்டும் பார்த்தால், நான்கிலும் முதல் பரிசு இதற்குத்தான்.

ஆனால் அல் கலூஃப் மஸ்கட்டிலிருந்து அரை நாள் பயணம். ஒரு நாள் ஓட்டம் என்ற எங்கள் அளவுகோலில் அது நிற்காது. சூர் நகரில் தங்கி வடக்கு ஓரத்து மணலைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். அதிலும் சிக்கல், வாடகை ஒப்பந்தங்கள் பொதுவாகச் சாலையை விட்டு இறங்குவதை அனுமதிப்பதில்லை. வாடகைக்குக் கிடைக்கும் பெரிய பயண வண்டிகள் 250 கிலோ எடையுள்ளவை. உடன்குடியில் நான் பட்ட பாட்டை நினைத்தால், அவற்றை உயர்ந்த குன்றில் ஏற்றும் துணிவு எனக்கு இல்லை. வழிகாட்டியோடும் கரடுமுரடான தடங்களுக்கென்றே செய்த, எடை குறைந்த எண்டியூரோ வண்டியோடும் போவதே அறிவுடைமை. ஒரு ஓமன் ரியாலுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுக்கும் நமக்கு, அந்த ஒரு நாளே கையைக் கடிக்கும். சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பதும், கரையோரச் சமநிலங்களில் ரண்ணைப் போலவே மேலே காய்ந்து உள்ளே குழைந்த சப்கா நிலம் உண்டு என்பதும் கூடுதல் எச்சரிக்கைகள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். தங்க இடமும் சாப்பாடும் உறவினர் வீட்டில் அமைந்தாலும் தலைக்கு 80,000 ரூபாய்க்குக் குறையாது என்பது எங்கள் கணக்கு. “இன்னாபா, மச்சான் வூட்ல தங்கறதுக்கு இவ்ளோவா?” என்று நண்பர் வருத்தப்பட்டார். மச்சான் வீட்டில் விருந்துண்டு திரும்பும் பயணம் வேறு, மணல் ஓட்டப் பயணம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே அரைகுறையாக முடியும் என்று நான் சொன்னேன். அவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

நமீபியாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது இந்த ஏழு நாளில் அடங்காது. சுவகோப்மண்ட், வால்விஸ் பே ஆகிய இரண்டு ஊர்களும் நமீப் பாலைவனத்தின் கடல் விளிம்பில், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் மழை மிக அரிது. ஆனால் மூடுபனி அடிக்கடி கடலிலிருந்து உள்ளே வந்து குன்றுகளை மூடும். வடக்கே போகும் கடற்கரைச் சாலையின் சில பகுதிகளை உப்பும் ஜிப்சமும் கெட்டித்து அமைத்திருக்கிறார்கள். பனி இறங்கும் காலையில் அது வழுக்கும். கிழக்கே அரைமணி நேரத்தில் நிலவின் தரை போன்ற அரித்த பள்ளத்தாக்குகளும், அதற்கும் அப்பால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழும் வெல்விட்சியாச் செடிகளும் வந்துவிடும். இடப்புறம் ஓட்டும் நாடு என்பது நமக்கு வசதி. பல தேசியப் பூங்காக்களுக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கரையோர டோரோப் பூங்காவில் ஒதுக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே மணலில் இறங்கலாம். டமாரா ஆலாக்கள் தரையில் கூடு கட்டுவதும், ஒரு டயர்த் தடம் பட்டால் பல பத்தாண்டுகள் ஆறாத, பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன் படுகைகள் அங்கே இருப்பதும் அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணங்கள். ஒதுக்கிய பகுதியில், உள்ளூர் வழிகாட்டியின் பின்னால், வாடகை வண்டியில் அரை நாள் ஓட்டும் ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது. குன்று ஏறி இறங்கும் ஆசையைச் சட்டப்படி தீர்த்துக்கொள்ள நான்கில் மிகத் தெளிவான இடம் அதுவே. ஜோகன்னஸ்பர்க் அல்லது அடிஸ் அபாபா வழியாகப் போய்வருவதிலேயே மூன்று நாள் கழிந்துவிடும். தலைக்கு இரண்டரை லட்சம் என்று கணக்கு வந்தபோது, ஆசிரியர் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்தை நினைவூட்டினார். பேச்சு அத்துடன் நின்றது.

விழுந்தால் தூக்குபவர் யார் என்ற இரண்டாம் கேள்விக்கும் இந்த நான்கும் வெவ்வேறு விடை தருகின்றன. தேரியில் எந்த மேட்டில் விழுந்தாலும் கூப்பிடு தொலைவில் ஒரு பனையேறி இருப்பார். ஒரு மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனை இருக்கிறது. கட்சில் பகலில் ஆடு மாடு மேய்ப்பவர்களைத் தடங்களில் பார்க்கலாம், ஆனால் லக்பத் பக்கத்தில் எலும்பு முறிந்தால் 130 கிலோமீட்டருக்கு மேல் புஜ் வரை வந்தாக வேண்டும். ஆகவே இருவராகப் பிரிந்துகூட ஓட்டக் கூடாது, நால்வரும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட ஓட்ட வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். வெளிநாட்டில், வழிகாட்டி இருக்கும் வரை கவலையில்லை. அவர் இல்லாமல் போனால், காப்பீட்டுப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டுப் போங்கள்: பல பயணக் காப்பீடுகள் மோட்டார் சைக்கிள் விபத்தை, குறிப்பாகச் சாலைக்கு வெளியே நேர்வதை, விலக்கி வைத்திருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் சி.எம்.சி. மருத்துவமனை இருப்பதால் எலும்பு முறிவை எளிதாக எடுத்துக்கொள்ளும் வேலூர் மனநிலை, மணல்வெளியில் நம்மை ஏமாற்றிவிடும்.

எங்கே போனாலும் பொருந்தும் சில செய்திகளைப் பட்டறைக்காரர் சார்பில் சேர்த்துவிடுகிறேன். மணலுக்கு இறங்குமுன் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறைக்கலாம். டியூப் டயரில் அதற்கும் கீழே போனால், டயர் ரிம்மில் சுழன்று வால்வைப் பிய்த்துவிடும். தார்ச்சாலைக்கு ஏறியவுடன் மறுபடி அடிக்கக் கைப்பம்பு அவசியம். ஃபுட்ரெஸ்ட்டின் மேல் எழுந்து நின்று, உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணைத் தொலைவில் வைத்து, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டால் விழுவீர்கள். அரை கிளட்சில் உறுமிக்கொண்டே நின்றால் கிளட்ச் தட்டு கருகும் வாசனை வரும், அப்போது நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளுவதே சிக்கனம். செயினுக்கு வழக்கமான கிரீஸ் எண்ணெய் போட்டால் மணல் அதில் ஒட்டி அரம்போல் தேய்க்கும். மெழுகு வகை எண்ணெயே நல்லது. கடல்நீர் பட்ட வண்டியை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் மறுநாள் டிஸ்க்கில் துரு தெரியும். காலை ஒன்பது மணிக்குள், இரவுப் பனியின் ஈரம் மணலில் இருக்கும்போதே கடினமான பகுதியை முடித்துவிடுவது, மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

எங்கள் முடிவு கட்ச். சட்டப்படி ஓட்டக்கூடிய தடம் அங்கேதான் மிக நீளமாகக் கிடைக்கிறது, ஒரே அறையிலிருந்து மூன்று நாளுக்கு மூன்று திசை உண்டு, பணமும் தாங்கும். தனியாக ஓட்டுபவர், சொந்த வண்டியைப் பிரிய மனமில்லாதவர் ஆகியோர் தேரிக்குப் போவதே சரி. குன்றுகளை இறங்கிப் பார்த்து, சாலையோடு ஓட்டித் திரும்பலாம். மஸ்கட்டிலோ சலாலாவிலோ உறவினரைப் பார்க்க எப்படியும் போகிறவர் ஒரு நாள் வழிகாட்டிக்குப் பணம் ஒதுக்கினால் ஓமன் வாய்க்கும். அதற்கென்றே போவது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நமீபியாவை, பிள்ளைகள் படித்து முடித்த பிறகு எடுத்துப் பார்க்கும்படி என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பொங்கல் கழிந்த மறுவாரத்துக்கு அகமதாபாத் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மாண்ட்வி, கட்சின் மேற்கு முனையிலுள்ள கோட்டேஷ்வர் ஆகிய பகுதிகளின் அந்த வாரத்துக் கடலேற்ற அட்டவணையை ஆசிரியர் நான்கு படி எடுத்து, ஆளுக்கொன்றாகத் தந்துவிட்டார். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறு மணிக்கு, தண்ணீர் வராத வரை, பாலாற்று மணலில் காற்று இறக்கிய டயரோடு எட்டு போட்டுப் பழகிக்கொண்டிருப்போம்.